ஒரு வைனோவும் முதல் நொடியும்: கரும்பொருள் தேடலில் ஆதி விரிவின் பங்கு

2006 ஜூனில் ரெசுர்ஸ்-டிகே1 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளில் ஏறிப் போனது பாமெலா. விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களில் எத்தனை பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்), எத்தனை எதிர்ப்புரோட்டான் என்று எண்ணுவது அந்தக் கருவியின் வேலை. 2008-ல் அதன் முதல் முடிவுகள் மாநாடுகளில் காட்டப்பட்டன. முறையாக வெளியாகும்வரை பொறுக்க முடியாமல், திரையில் தெரிந்த வரைபடத்தைப் படமெடுத்து, அதிலிருந்த புள்ளிகளைக் கொண்டே கட்டுரை எழுதியவர்களும் உண்டு. அவ்வளவு ஆவல்.

காரணம் இருந்தது. 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (இனி ஜிஇவி; ஆற்றல், நிறை, வெப்பநிலை மூன்றையும் இந்தத் துறையில் இதே அலகில்தான் சொல்வார்கள்) மேலே போகப் போகப் பாசிட்ரான்களின் பங்கு குறைந்துகொண்டே வர வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. பாமெலாவின் அளவீட்டில் அது 100 ஜிஇவி வரை ஏறிக்கொண்டே போனது. எங்கோ ஏதோ ஒன்று கூடுதலாகப் பாசிட்ரான்களை உற்பத்தி செய்கிறது. ஒளி எதுவும் தராமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருளாக அது இருக்குமோ?

வரிசையில் நின்ற பல விடைகளில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 200 ஜிஇவி நிறையுள்ள வைனோ. அந்த விடை கடைசியில் தோற்றுப்போனது. ஆனாலும் தோற்ற விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கரும்பொருள் பற்றி நாம் சொல்லும் ஏறத்தாழ எல்லா வரம்புகளுக்குள்ளும், பிரபஞ்சம் தன் முதல் நொடியில் எவ்வளவு வேகமாக விரிந்தது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. இந்த வழக்கில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

வைனோ ஏன் பொருத்தமாகத் தெரிந்தது, எங்கே இடித்தது

வைனோ என்பது, தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கூட்டாளி உண்டு என்னும் மீச்சமச்சீர்க் கொள்கை முன்வைக்கும் துகள். மெலிந்த விசையைச் சுமக்கும் டபிள்யூ போசானின் கூட்டாளி. இரண்டு வைனோக்கள் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒரு ஜோடி டபிள்யூ போசான்களாக மாறும். அவை சிதைந்து பாசிட்ரான், எதிர்ப்புரோட்டான், காமா கதிர் எல்லாவற்றையும் கொடுக்கும். 200 ஜிஇவி நிறைக்கு இந்த அழிவு வீதம் நொடிக்கு ஏறத்தாழ 2.5×10⁻²⁴ கன செ.மீ. இதில் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. நிறையைச் சொல்லிவிட்டால் வீதம் தானாக வந்துவிடும். ஊகங்கள் மலிந்த இந்தத் துறையில் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கருதுகோள்களை நான் பெரிதும் மதிக்கிறேன். தவறென்றால் தவறு என்று காட்ட முடியும்.

பாமெலா கண்ட உபரிக்கு வழக்கமான கரும்பொருள் துகளின் அழிவு வீதம் போதவில்லை. அதைப்போல நூறு மடங்கு, சில விளக்கங்களில் ஆயிரம் மடங்கு தேவைப்பட்டது. வைனோவிடம் அந்த நூறு மடங்கு இயல்பாகவே இருந்தது.

இடித்த இடமும் அதுதான். இவ்வளவு வேகமாக ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் துகள் இன்றுவரை எப்படி மிஞ்சியிருக்கும்? வழக்கமான கணக்கைப் போட்டால் 200 ஜிஇவி வைனோ, இன்றிருக்கும் கரும்பொருளில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எஞ்சும். மொத்தக் கரும்பொருளும் வைனோவாக இருக்க வேண்டுமானால் அதன் நிறை 3000 ஜிஇவிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 200 என்பது அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

சரி, அந்த "வழக்கமான கணக்கு" எதை நம்பி நிற்கிறது?

மிச்சத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம்

ஆதிப் பிரபஞ்சம் கொதிக்கும் துகள் குழம்பு. வெப்பநிலை ஒரு துகளின் நிறையைவிட அதிகமாக இருக்கும்வரை அந்தத் துகள் பிறப்பதும் அழிவதும் சம வேகத்தில் நடக்கும். வெப்பம் தணிந்ததும் புதிதாகப் பிறப்பது நின்றுவிடும். அழிவது மட்டும் தொடரும். எண்ணிக்கை சரசரவென்று சரியும். ஆனால் முற்றிலும் பூஜ்யமாகாது. வெளி விரிந்துகொண்டே இருப்பதால் ஒரு துகளுக்குத் தன் ஜோடியைச் சந்திக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். சந்திப்பின் வீதம் விரிவின் வீதத்துக்குக் கீழே இறங்கும் கணத்தில் ஆட்டம் முடிகிறது. மிச்சமிருப்பவை மிச்சமிருப்பவைதான். இதைத்தான் உறைவு என்கிறோம். வெப்பநிலை துகளின் நிறையில் இருபதில் ஒரு பங்கு, இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று இறங்கும்போது இது நடக்கிறது. 200 ஜிஇவி வைனோவுக்கு ஏறத்தாழ 8 ஜிஇவி. வழக்கமான கணக்குப்படி பிரபஞ்சத்துக்கு அப்போது வயது சில நானோ நொடி.

இந்த வழியில் நியூட்ரினோ போன்ற கனமான துகள்களின் மிச்சத்தை பெஞ்சமின் லீயும் ஸ்டீவன் வைன்பெர்கும் 1977-ல் கணக்கிட்டார்கள். அதற்கும் முன்பே, 1965-ல், செல்டோவிச் இதே தர்க்கத்தைத் தொட்டிருந்தார். இன்று பிளாங்க் விண்கலம் அளந்த கரும்பொருள் அடர்த்தியை இந்தக் கணக்கில் போட்டுத் திருப்பினால் தேவையான அழிவு வீதம் கிடைக்கும்: நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 3×10⁻²⁶ கன செ.மீ. மெலிந்த விசைக்குரிய துகள்களிடம் எதிர்பார்க்கும் அளவும் இதையொட்டித்தான் இருக்கிறது. இந்தப் பொருத்தம்தான் பல பத்தாண்டுகளாகத் தேடல்களுக்கு உந்துசக்தி. வரைபடங்களில் இந்த எண்ணைக் கிடைமட்டக் கோடாகப் போட்டு, அதைத் தொட்டோமா தாண்டினோமா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கோடு கரும்பொருளின் இயல்பு என்று பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. அது பாதி உண்மை. எஞ்சும் எண்ணிக்கை என்பது விரிவு வேகத்தை அழிவு வீதத்தால் வகுத்தால் வருவது. கீழே இருப்பது துகளுக்குச் சொந்தம். மேலே இருப்பது பிரபஞ்சத்துக்குச் சொந்தம். விரிவு வேகம் இரு மடங்கானால், அதே மிச்சத்தைக் கொடுக்க இரு மடங்கு அழிவு வீதம் வேண்டும். அப்போது கோடு மேலே நகரும்.

மேலே இருக்கும் அந்த எண்ணை எப்படித் தெரிந்துகொண்டோம்? உண்மையில் அளக்கவில்லை, எடுத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பிரபஞ்சத்தின் ஆற்றல் முழுவதும் கதிர்வீச்சாக, அதாவது ஒளிவேகத்தில் ஓடும் வெப்பத் துகள்களாக, இருந்தது என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் விரிவு வேகம் வெப்பநிலையின் வர்க்கத்தோடு ஏறும் இறங்கும். மிக எளிய அனுமானம், நியாயமானதும்கூட. ஆனால் அதற்குச் சாட்சி எதுவரை இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சாட்சி முதல் அணுக்கருக்கள் உருவான கட்டத்தில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு நொடி வயதில், வெப்பநிலை 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் (எம்இவி) அருகே இருந்தபோது, நியூட்ரான்-புரோட்டான் விகிதம் உறைந்தது. அது கரும்பொருளின் உறைவைப் போன்றதேதான். அப்போது விரிவு இன்னும் வேகமாக இருந்திருந்தால் நியூட்ரான்கள் அதிகம் மிஞ்சி, ஹீலியமும் அதிகமாகியிருக்கும். நாம் காணும் ஆதி ஹீலியம் நிறையில் கால் பங்கு, கணக்கோடு ஒத்துப்போகிறது. டியூட்டீரியமும் ஒத்துப்போகிறது. ஆதி வெப்பத்தின் மிச்சமான பின்னணி நுண்ணலையின் அளவீடுகளையும் சேர்த்தால், 4, 5 எம்இவி வெப்பநிலையிலிருந்து இந்தப் பக்கம் பிரபஞ்சம் கதிர்வீச்சின் பிடியில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

வைனோ உறைவது 8 ஜிஇவியில், அதாவது 8000 எம்இவியில். நமக்குச் சாட்சி கிடைக்கும் இடத்துக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் சூடான இடம் அது. அங்கே கடிகாரம் எப்படி ஓடியது என்று பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு கிலோமீட்டர் சாலையில் கடைசி ஒரு மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பதெல்லாம் நேர்சாலைதான் என்று சொல்வதைப் போன்றது நம் நிலை.

மாடுலி கொடுத்த வழி

அந்த இடைவெளியில்தான் வைனோவுக்கு ஒரு வழி திறந்தது. தேவைக்காகத் தைத்த புதுக் கற்பனை அல்ல அது. பாமெலாவின் முடிவுகளுக்கு எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இயற்பியலாளர்கள் டாகேயோ மொரோயும் லிசா ராண்டலும் எழுதியிருந்தார்கள்.

இழைக் கொள்கையில் மாடுலி என்ற கனமான ஸ்கேலார் (சுழற்சியில்லாத) துகள்கள் வருகின்றன. ஈர்ப்பின் வலிமையில் மட்டுமே மற்றவற்றோடு பேசுபவை. அதனால் சிதைய நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். விரிவில் கதிர்வீச்சின் ஆற்றல் சாதாரணப் பொருளைவிட வேகமாக நீர்த்துப்போகும் என்பதால், மாடுலி கொஞ்சமாக இருந்தாலும் சீக்கிரமே பிரபஞ்சத்தின் ஆற்றல் அவற்றின் கைக்குப் போய்விடும். ஆக, ஒரு ஆதிப் பொருள் யுகம். பிறகு அவை சிதைந்து, பிரபஞ்சத்தை இன்னொருமுறை சூடாக்கும். இந்த மறுசூடாக்கம் அணுக்கருக்கள் உருவாகும் முன் முடிந்தாக வேண்டும். அதற்கு மாடுலியின் நிறை பத்துக்கணக்கான டெரா எலக்ட்ரான் வோல்ட்டாவது இருக்க வேண்டும். 1980-களில் இது பெரிய தலைவலியாகக் கருதப்பட்டது. தலைவலியையே மருந்தாக்கியதுதான் மொரோய், ராண்டல் செய்த காரியம்.

மாடுலி சிதையும்போது வைனோக்களும் பிறக்கும். பழைய மிச்சம் புதிதாகக் கொட்டும் கதிர்வீச்சில் நீர்த்துப்போகும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிதாகப் பிறந்த வைனோக்கள் அளவுக்கு மீறி இருந்தால் அவை மறுபடி அழியத் தொடங்கும். எதுவரை? சந்திப்பின் வீதம் விரிவின் வீதத்துக்கு இறங்கும்வரை. அதே உறைவு விதிதான். ஆனால் இப்போது அது 8 ஜிஇவியில் அல்ல, மறுசூடாக்க வெப்பநிலையில் நடக்கிறது.

விரிவு வேகம் வெப்பநிலையின் வர்க்கத்தோடு குறைகிறது; கதிர்வீச்சுத் துகள்களின் அடர்த்தி மும்மடியோடு குறைகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், உறைவு எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் நடக்கிறதோ அவ்வளவு அதிகம் மிஞ்சும். உறைவு 8 ஜிஇவிக்குப் பதில் அதில் நூறில் ஒரு பங்கில், அதாவது 80 எம்இவியில் நடந்தால், மிச்சம் நூறு மடங்கு. குழம்பில் இருக்கும் துகள் வகைகள் இந்த இடைவெளியில் குறைந்துவிடுவதையும் சேர்த்தால் தேவையான மறுசூடாக்க வெப்பநிலை 100, 200 எம்இவி அளவுக்கு நகரும். குவார்க்குகள் ஒன்றுசேர்ந்து புரோட்டானும் நியூட்ரானும் ஆவது இதே வெப்பநிலையில்தான். அதனால் துகள் வகைகளின் எண்ணிக்கை இங்கே செங்குத்தாகச் சரிகிறது; துல்லியம் தேடுபவர்கள் கவனமாக நடக்க வேண்டிய இடம்.

நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிய வைனோ, நூறு மடங்கு பெருகி முழுக் கரும்பொருள் ஆனது. பாமெலாவுக்குத் தேவையான அழிவு வீதமும் அப்படியே கையில் இருந்தது. 2008-ல் கேனும் கூட்டாளிகளும் இதைத் தரவோடு பொருத்திக் காட்டினார்கள். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அழகாகத் தெரிந்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

இன்னொரு கதவு: அதிவேக விரிவு

மாடுலி இல்லாமலும் இதே காரியம் நடக்கலாம். ஒரு ஸ்கேலார் புலம் வேகமாக உருண்டு, பிரபஞ்சத்தின் ஆற்றல் முழுக்க அதன் இயக்க ஆற்றலாகவே இருந்த ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆற்றல், நீளம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 64-ல் ஒரு பங்காகக் குறையும். கதிர்வீச்சு 16-ல் ஒரு பங்காக. அதனால் தொடக்கத்தில் எவ்வளவு ஆதிக்கம் செலுத்தினாலும் தானாகவே காணாமல் போய், கதிர்வீச்சுக்கு வழிவிட்டுவிடும். தடயமில்லாமல் விலகும் இந்த யுகத்தை ஸ்போகோய்னி 1993-லும் ஜாய்ஸ் 1997-லும் ஆராய்ந்தார்கள். இது கரும்பொருளின் மிச்சத்தை எவ்வளவு உயர்த்தும் என்று பியர் சலாட்டி 2003 வாக்கில் கணக்கிட்டார். ஆயிரம் மடங்குகூடச் சாத்தியம்.

2017-ல் டி'எராமோ, ஃபெர்னாண்டஸ், புரோஃபுமோ மூவரும் இதைப் பொதுமைப்படுத்தியபோது ஒரு விநோதம் தெரிந்தது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. வழக்கமான பிரபஞ்சத்தில் சந்திப்பின் வீதம் கன அளவுக்கு எதிராகக் குறைகிறது. விரிவு வேகம் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. அதனால் உறைவு சட்டென்று முடிந்துவிடும். இயக்க ஆற்றல் யுகத்தில் இரண்டும் ஒரே கணக்கில் குறைகின்றன. பந்தயத்தில் தோற்பவர் பின்தங்குவதே இல்லை. துகள்கள் சமநிலையிலிருந்து விலகிய பிறகும், மெதுவாக, விடாமல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சு யுகம் தொடங்கும்போதுதான் அது நிற்கிறது. இதற்கு அவர்கள் ஓயாத கரும்பொருள் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வேகமாக விரிந்தால் அதிகம் மிஞ்சும் என்பது சரிதான். ஆனால் கணக்கைச் சீக்கிரம் மூடிவிட்டால் மிச்சத்தை மிகையாகச் சொல்லிவிடுவோம். உறைந்த வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பெருக்கிப்போடும் கணக்குகள் இங்கே ஏமாறும்.

சாட்சிகள்

வைனோவின் மேல் முதல் சந்தேகம் பாமெலாவிடமிருந்தே வந்தது. அதே கருவி எண்ணிய எதிர்ப்புரோட்டான்களில் உபரி எதுவும் இல்லை. சாதாரண அண்டக்கதிர் மோதல்கள் கொடுக்கும் அளவேதான். டபிள்யூ போசான் சிதைந்தால் பாசிட்ரானோடு எதிர்ப்புரோட்டானும் வந்தாக வேண்டும். பால்வீதிக்குள் துகள்கள் பரவும் விதத்தைச் சற்று மாற்றி இதைச் சமாளிக்கப் பார்த்தார்கள். முடியாததல்ல, ஆனால் இழுத்துப் பிடித்த சமாதானம்.

அடுத்தது 2011 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஏ.எம்.எஸ்-02 என்ற துகள் எண்ணும் கருவி. பாசிட்ரான்களின் பங்கு ஏறுவதை அது உறுதிசெய்தது. அப்புறம் அந்த உபரி 200 ஜிஇவியைத் தாண்டியும் நீள்வதைக் காட்டியது. அசைவற்ற இரண்டு 200 ஜிஇவி வைனோக்கள் அழிந்தால் அவற்றிலிருந்து 200 ஜிஇவிக்கு மேல் ஒரு பாசிட்ரான் வர வழியில்லை. ஆக, பாமெலா உபரியின் மூலகாரணம் என்ற பொறுப்பிலிருந்து இந்த வைனோ விடுவிக்கப்பட்டது. இன்றைக்கு அந்தப் பாசிட்ரான்களுக்கு வலுவான விளக்கம் பல்சார்கள், அதாவது வேகமாகச் சுழன்று துடிக்கும் நியூட்ரான் விண்மீன்கள். 2017-ல் மெக்சிகோவிலுள்ள ஹாக் ஆய்வகம் ஜெமிங்கா பல்சாரைச் சுற்றி உயர் ஆற்றல் காமா ஒளிவட்டம் ஒன்றைப் பதிவுசெய்தது. அங்கே அத்தகைய எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் இருக்கின்றன என்பது தெரிந்தது. அவற்றில் எவ்வளவு நம்மை வந்து சேர்கிறது என்பதில்தான் விவாதம்.

பாசிட்ரானை விட்டுவிடுவோம். வைனோ கரும்பொருளாகவாவது இருக்கலாமா? இதற்கு விடை ஃபெர்மி காமா கதிர் தொலைநோக்கியிடமிருந்து வந்தது. பால்வீதியைச் சுற்றியிருக்கும் குள்ள கேலக்ஸிகளில் விண்மீன்கள் குறைவு, கரும்பொருள் அதிகம். காமா கதிர் தரும் வேறு மூலங்கள் கிட்டத்தட்ட இல்லை. அங்கே காமா கதிர் தென்படாவிட்டால் அந்த மௌனமே சாட்சி. 2011-ல் பத்து குள்ள கேலக்ஸிகளின் இரண்டாண்டுத் தரவையும், 2015-ல் பதினைந்தின் ஆறாண்டுத் தரவையும் ஃபெர்மி குழு அலசியது. 200 ஜிஇவியில் டபிள்யூ ஜோடிகளுக்கு அனுமதிக்கப்பட்ட வீதம், வைனோவின் 2.5×10⁻²⁴-ஐவிடப் பத்து மடங்குக்கும் மேல் தாழ்வாக வந்தது. 2013-ல் கோஹன், லிசாண்டி, பியர்ஸ், ஸ்லேட்டியர் ஒரு பக்கம், ஃபேன், ரீஸ் இன்னொரு பக்கம், தனித்தனியாக வைனோவின் மேல் வளையத்தை இறுக்கினார்கள். 3000 ஜிஇவி வைனோகூடத் தப்பவில்லை, பால்வீதி மையத்தில் கரும்பொருள் எப்படிக் குவிந்திருக்கிறது என்ற சந்தேகத்தின் பலனைத் தவிர.

இங்கே நிதானமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஃபெர்மி எதைத்தான் தள்ளுபடி செய்தது?

காமா கதிரின் அளவு, இரண்டு துகள்கள் சந்திப்பதைப் பொறுத்தது. ஆகவே அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. வைனோ மொத்தக் கரும்பொருளில் நூற்றில் ஒரு பங்கு என்றால் காமா கதிர் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஃபெர்மியின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதாவது, வழக்கமான விரிவு நடந்த பிரபஞ்சத்தில் 200 ஜிஇவி வைனோ உயிரோடு இருந்தாலும் ஃபெர்மிக்கு மறுப்பில்லை. ஃபெர்மி மறுத்தது வைனோவை மட்டுமோ, மாடுலியை மட்டுமோ அல்ல. "200 ஜிஇவி வைனோ, 100, 200 எம்இவி மறுசூடாக்கத்தோடு" என்ற கூட்டை. வேறு மாதிரிச் சொன்னால், வைனோ இருக்கிறது என்று யாராவது நிரூபித்திருந்தால், குள்ள கேலக்ஸிகளின் மௌனம் முதல் நொடிக்குள் பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பதற்கான அளவீடாக மாறியிருக்கும். பத்து மைக்ரோ நொடிக் காலத்து வெப்பநிலையை, இன்றைய குள்ள கேலக்ஸியைப் பார்த்து அளப்பது! இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

நிலத்தடிக் கருவிகளின் சாட்சியம் வேறு வகை. சான்ஃபோர்ட் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. ஆழத்தில் ஏழு டன் திரவ செனானோடு இயங்கும் எல்.இசட். கருவியில், ஒரு கரும்பொருள் துகள் வந்து செனான் அணுக்கருவை இடிக்க வேண்டும். ஒரே ஒரு துகள் போதும் என்பதால் சைகை அடர்த்தியின் முதல் மடியைத்தான் பொறுத்தது. நூற்றில் ஒரு பங்கு வைனோ என்றால் சைகையும் நூற்றில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்ல. 2024-ல் எல்.இசட். வெளியிட்ட வரம்பு, அதன் கூர்மையான இடமான 40 ஜிஇவி அருகே, ஏறத்தாழ 2×10⁻⁴⁸ சதுர செ.மீ. வைனோவின் மோதல் வாய்ப்பு ஏறத்தாழ 2×10⁻⁴⁷ சதுர செ.மீ. என்று கணிக்கப்பட்டிருக்கிறது. 200 ஜிஇவியில் வரம்பு சற்றுத் தளர்வானாலும், மொத்தக் கரும்பொருளும் இந்த வைனோ என்று சொல்ல இங்கும் இடமில்லை. நூற்றில் ஒரு பங்கு வைனோவைத் தொட இன்னும் உணர்திறன் வேண்டும். ஆனால் அங்கே சூரிய நியூட்ரினோக்களும் வளிமண்டல நியூட்ரினோக்களும் கிளப்பும் மூட்டம் காத்திருக்கிறது. செனான்-என்டி, பாண்டாஎக்ஸ்-4டி என்ற வேறு இரண்டு செனான் கருவிகளும் 2024-லேயே சூரிய நியூட்ரினோக்களின் சாயலைப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

கடைசிச் சாட்சி, விரிவைப் பற்றி எதுவுமே கேட்காத சாட்சி. புரோட்டான்களை மோதவிடும் பெரும் ஹாட்ரான் மோதுவி. கரும்பொருள் எவ்வளவு இருக்கிறது, முதல் நொடியில் என்ன நடந்தது என்பதெல்லாம் அதற்கு அவசியமில்லை. துகள் இயற்கையில் உண்டென்றால், போதிய ஆற்றல் கொடுத்தால், அது பிறக்கும். வைனோவின் மின்னேற்றமுள்ள உடன்பிறப்பு அதைவிட ஏறத்தாழ 165 எம்இவி மட்டுமே கனம். ஆகவே பிறந்ததும் சிதையாமல், சராசரியாகச் சில சென்டிமீட்டர் ஓடிவிட்டுத்தான் சிதையும். உணர்கருவியின் உட்பகுதியில் ஒரு தடம் தோன்றி நடுவழியில் அறுந்துபோகும். இப்படி அறுந்த தடங்களைத் தேடிய மோதுவியின் அட்லஸ் குழு, ஏறத்தாழ 660 ஜிஇவி வரையிலான வைனோக்களை விலக்கியது. 200 ஜிஇவி வைனோவின் கதை அங்கே முடிந்தது, எந்தப் பிரபஞ்ச வரலாற்றை வைத்துக்கொண்டாலும்.

மூன்று வகைத் தேடல்களும் ஒரே வரைபடத்தில் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக் காட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. அந்த மொழிபெயர்ப்புக்குள் விரிவு வரலாறு இருக்கிறது. வரைபடத்தின் கீழே அதை ஒரு வரியில் எழுதிவைத்தால் என்ன என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

வைனோவுக்கு வெளியே

இதே விஷயம் வேறு துகள்களிடம் வேறு முகம் காட்டுகிறது. வெப்பக் குழம்போடு ஒருபோதும் கலக்காமல், சொட்டுச் சொட்டாக மட்டும் உருவாகும் கரும்பொருள் உண்டு. அதற்குப் பிணைப்பு மிக மெலிதாக இருக்க வேண்டும். விரிவு வேகமாக இருந்திருந்தால் சொட்டு விழ நேரம் போதாது. அதே அளவு சேர, பிணைப்பு வலுவாக இருந்தாக வேண்டும். ஆய்வகத்துக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் எட்டாதென்று நினைத்த பிணைப்பு மோதுவியின் எல்லைக்குள் வரும்.

ஆக்சியான் என்ற மிக இலேசான கருதுகோள் துகளின் விஷயத்தில் நகர்வது நிறை. ஆக்சியான் புலம் அசைவற்றுக் கிடந்து, விரிவு வேகம் அதன் நிறையளவுக்குத் தாழ்ந்ததும் ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசல்தான் கரும்பொருள். வழக்கமான கணக்கில் இது 1 ஜிஇவி வெப்பநிலையை ஒட்டி நடக்கிறது. அதிவேக விரிவு இருந்தால் ஊசல் தாமதமாகும், தேடவேண்டிய நிறை மேலே போகும். ஆதிப் பொருள் யுகம் இருந்தால் நீர்த்துப்போதல் சேர்ந்து, நிறை கீழே போகும். விசினெல்லியும் கொண்டோலோவும் 2010-ல் இதைக் காட்டினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏ.டி.எம்.எக்ஸ். கருவி 2.7 முதல் 4.2 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் வரை ரேடியோ நிலையம் தேடுவதைப் போல ஒவ்வொரு அலைவரிசையாகத் திருப்பிப் பார்த்திருக்கிறது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கே முதல் நொடியின் வரலாறு வேண்டியிருக்கிறது.

அந்த யுகத்தை நேராகக் கேட்க முடியுமா

கரும்பொருள் துகள் எதுவென்று தெரியாமலேயே அந்த யுகத்தைத் தொட இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, நுண்திரள்கள். கதிர்வீச்சு யுகத்தில் அடர்த்தி வேறுபாடுகள் மிக மெதுவாக வளரும். பொருள் யுகத்தில் வேகமாக வளரும். முதல் நொடிக்குள் ஒரு பொருள் யுகம் இருந்திருந்தால், பூமியைவிடச் சிறிய நிறையுள்ள அடர்த்தியான கரும்பொருள் திரள்கள் ஏராளமாக உருவாகியிருக்கும் என்று எரிக்செக்கும் சிகுர்ட்சனும் 2011-ல் சொன்னார்கள். நம் மாடுலி வைனோவுக்கு இது பொருந்தாமல் போகலாம். சிதைவில் வேகமாகப் பிறந்த துகள்கள் அந்தச் சிறு திரள்களைக் கலைத்துவிடும். மெதுவாகப் பிறந்த கரும்பொருளுக்குப் பொருந்தும்.

மற்றொன்று ஈர்ப்பலைகள். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் நடந்ததாகக் கருதப்படும் அதிவேக வீக்கமான பெருவீக்கம் விட்டுச்சென்ற ஈர்ப்பலைகள் ஒவ்வொன்றும் அடிவானத்துக்குள் (ஒளி அதுவரை எட்டியிருக்கும் எல்லைக்குள்) நுழையும் நேரத்தில் பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பதைத் தன் வலிமையில் சுமந்து வரும். பொருள் யுகத்தில் நுழைந்தவை மங்கும். இயக்க ஆற்றல் யுகத்தில் நுழைந்தவை ஓங்கும். மிகவும் ஓங்கினால் அவையே அணுக்கருக்கள் உருவாவதைக் கெடுத்துவிடும் என்பதால் அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. வைனோ கேட்ட 100 எம்இவி வெப்பநிலையில் அடிவானத்துக்குள் நுழைந்த அலை, இன்று ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை அதிரும். அவ்வளவு நிதானமான அலையைப் பல்சார்களின் துடிப்பில்தான் தேட முடியும்.

2023 ஜூனில் நானோகிராவ் குழு 67 பல்சார்களின் 15 ஆண்டுப் பதிவிலிருந்து, அதே அலைவரிசைப் பகுதியில் ஈர்ப்பலைப் பின்னணிக்கான ஆதாரத்தை வெளியிட்டது. மற்ற நாடுகளின் குழுக்களும் அதே நேரத்தில் ஒத்த முடிவுகளைச் சொன்னார்கள். அது ஒன்றையொன்று சுற்றும் பெருங்கருந்துளை ஜோடிகளின் ஒலியாக இருக்கலாம் என்பதே இப்போதைக்குப் பெரும்பாலோர் கருத்து. அப்படியென்றால் அந்த ஜோடிகளின் ஒலியை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழித்த பிறகுதான் அடியில் ஆதி அலைகள் இருக்கின்றனவா என்று பார்க்க முடியும். அதற்கு இன்னும் நிறையப் பல்சார்கள் வேண்டும், இன்னும் பல ஆண்டுப் பதிவும் வேண்டும்.